அபாயம் இருக்கும், ஆபத்து வரும், விபத்து நடக்கும்

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. சுற்றிலும் இடுப்புயரக் கம்பிவேலி, வேலியில் ஒரு தகரப் பலகை, பலகையில் மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்பும், அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு சொல். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் போன விடுமுறைக்கு வந்திருந்தபோது, கடைக்குப் போகும் வழியில் அங்கே நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். "அ... ப... யம். மாமா, அபயம்னா என்ன?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். பலகை துருவேறி, 'பா'வின் துணைக்கால் இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் உரிந்து போயிருந்தது. மற்ற எழுத்துகள் அப்படியே இருந்தன. அவள் வாசித்ததில் தப்பே இல்லை, பலகையில் இருந்ததைத்தான் வாசித்தாள்.

இந்த ஒரு கால் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். அபயம் என்றால் பயமின்மை. 'அ' என்பது இல்லை என்று சொல்லும் முன்னொட்டு, அதோடு பயம் சேர்ந்தது. கோயிலில் சாமி உள்ளங்கையை நமக்குக் காட்டி நிற்குமே, அது அபய முத்திரை, 'பயப்படாதே, நான் இருக்கிறேன்' என்று பொருள். அடைக்கலம் கேட்டு வந்தவனுக்கு அரசன் அபயம் அளித்தான் என்று கதைகளில் படித்திருப்போம். ஆக, 'கிட்ட வராதே' என்று சொல்ல வேண்டிய பலகை, துரு தின்றதால் 'பயப்படாமல் வா' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அபயத்துக்கும் அபாயத்துக்கும் பிறப்பில் எந்த உறவும் கிடையாது. எழுத்தில் மட்டும்தான் பக்கத்து வீடு.

அபாயம் என்றால் ஆபத்து என்று அவளுக்குச் சொன்னேன். உடனே அடுத்த கேள்வி: "அப்போ ரெண்டும் ஒண்ணுதானா?" ஆமாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டுக்கு வருவதற்குள்ளேயே அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்துவிட்டது. அகராதியில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் போட்டிருக்கும், ஆனால் தமிழ் பேசுகிற யாரும் இரண்டையும் ஒன்றாகப் புழங்குவதில்லை. ஏன் என்று அவளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

எளிமையான சோதனை ஒன்று இருக்கிறது. சொல்லை விட்டுவிட்டு, அதன் பின்னால் வரும் வினைச்சொல்லைப் பாருங்கள். அபாயம் *இருக்கிறது* என்கிறோம். ஆபத்து *வந்தது* என்கிறோம். விபத்து *நடந்தது*, *நேர்ந்தது* என்கிறோம். 'விபத்து இருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள், காதுக்கு ஒட்டாது. 'அபாயம் நடந்தது' என்று யாருமே சொல்ல மாட்டார்கள். சுவர் விரிசல் விட்டு நிற்கும்போது 'இடிந்து விழும் அபாயம்' என்று பத்திரிகை எழுதுகிறது. அந்தச் சுவருக்குக் கீழே ஒருவர் மாட்டிக்கொண்டால் அவர் ஆபத்தில் இருக்கிறார். விழுந்து முடிந்த பிறகு அது விபத்து. மூன்று சொல்லும் ஒரே சம்பவத்தின் மூன்று நேரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன: வரவிருப்பது, வந்து நிற்பது, நடந்து முடிந்தது.

இது கறாரான விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ஆபத்தான வளைவு' என்றும் எழுதுகிறோம், 'உயிருக்கு ஆபத்து இருக்கிறது' என்றும் சொல்கிறோம். ஆபத்து கொஞ்சம் முன்னாலும் நீளும், அதற்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அபாயம் பின்னால் வராது. ஆற்றில் வெள்ளம் 'அபாய அளவைத்' தாண்டியது என்றால், ஊர் இன்னும் மூழ்கவில்லை, இனிமேல் மூழ்கலாம் என்று அர்த்தம். மருத்துவர் வெளியே வந்து 'அபாயக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்' என்றால், நடந்திருக்கக்கூடிய ஒன்று நடக்கவில்லை என்று அர்த்தம். ரயில் பெட்டியில் இருப்பது அபாயச் சங்கிலி. (தகுந்த காரணம் இல்லாமல் அதைப் பிடித்து இழுத்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.)

பேச்சில் இன்னொரு வித்தியாசமும் உண்டு. அடுப்புப் பக்கம் ஓடும் குழந்தையைப் பார்த்து எந்த அம்மாவும் 'அபாயம்' என்று கத்துவதில்லை. 'கிட்டப் போகாத, ஆபத்து' என்றுதான் வரும். ஊரில் 'ஆபத்து அவசரத்துக்கு உதவுவான்' என்பார்கள், யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'அந்தரம் ஆபத்துக்கு' என்பார்கள். அபாயம் பலகையிலும் செய்தியிலும் அறிக்கையிலும் வாழ்கிற சொல், ஆபத்து வாயில் வாழ்கிற சொல்.

சரி, இவை எங்கிருந்து வந்தன? ஆபத்து, அபாயம், விபத்து மூன்றும் வடமொழி வழியாக வந்தவை. அதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை, வந்த சொற்களைத் தமிழ் எப்படித் தன் வீட்டுப் பிள்ளையாக வளர்த்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஆபத்துக்கு மூலம் 'ஆபத்' என்ற சொல். இதன் உள்ளே இருக்கும் வேர் 'பத்'. செல்லுதல், விழுதல் என்று அதற்குப் பொருள். முன்னால் 'ஆ' சேர்ந்தால் நம்மை நோக்கி வருவது, நம்மேல் வந்து விழுவது. தமிழில் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால் கடைசியில் ஓர் உகரம் ஏறி, ஆபத் என்பது ஆபத்து ஆகிவிட்டது. இந்த வேரின் குடும்பத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 'வி' சேர்ந்தால் விபத்து. 'சம்' சேர்ந்தால் சம்பத்து, அதாவது செல்வம். 'உத்' சேர்ந்தால் உற்பத்தி. 'பிர' சேர்ந்தால் பிரபத்தி, பெருமாளிடம் போய் விழுந்து சரணடைவதற்கு வைணவர்கள் வைத்திருக்கும் பெயர். தொழிற்சாலையில் நடக்கும் உற்பத்தியும், நெடுஞ்சாலையில் நடக்கும் விபத்தும், கோயிலில் செய்யும் பிரபத்தியும் ஒரே வேரில் பிறந்தவை. முன்னால் ஒட்டிக்கொண்ட ஒரு சின்ன அசைதான் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது.

மேலே வந்து விழுந்தது என்ற பழைய பொருளை மனதில் வைத்துக்கொண்டால், ஆபத்தில் தொடங்கும் கூட்டுச்சொற்கள் எல்லாம் தானாகப் புரிந்துவிடும். ஆபத்பாந்தவன் என்றால் ஆபத்து வந்து நிற்கும்போது உறவாக வருபவன், பாந்தவன் என்றால் உறவினன். கும்பகோணத்துக்கு அருகில், திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடிக் கோயிலில் இருக்கும் சிவனுக்கு ஆபத்சகாயேஸ்வரர் என்று பெயர். குரு தலம் என்று இன்றைக்குக் கூட்டம் போவது அங்கே இருக்கும் தட்சிணாமூர்த்தியைப் பார்க்க, ஆனால் கோயிலின் மூலவர் ஆபத்சகாயர்தான். ஆலகால விஷம் பொங்கி வந்தபோது அதைத் தான் விழுங்கித் தேவர்களைக் காத்தவர் என்பது தலக்கதை. விஷம் வந்தேவிட்டது, அப்போது துணைக்கு வந்தவர் அவர், அதனால்தான் பெயரில் அபாயம் இல்லாமல் ஆபத்து இருக்கிறது. அப்புறம், பாண்டிய மன்னர்களுக்கு உயிர்க்காவலாக நின்ற வீரர்களுக்கு ஆபத்துதவிகள் என்று பெயர். சரித்திர நாவல் படித்தவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரிந்திருக்கும். வடமொழி ஆபத்தும் தமிழ் உதவியும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் சொல் அது, எனக்கு மிகவும் பிடித்த கூட்டுச்சொற்களில் ஒன்று.

ஆபத்தைப் பற்றிப் பேசினால் 'ஆபத்துக்குப் பாவமில்லை' என்ற பழமொழியை விட்டுவிட முடியாது. உயிர் போகிற நேரத்தில் வழக்கமான கட்டுப்பாடுகளை மீறினால் அது பாவமாகாது என்பது பொருள். விரதம் இருந்தவர் மயங்கி விழுந்தால் பாட்டிமார் தயங்காமல் வாயில் வெல்லத்தைத் திணித்துவிட்டு இதைத்தான் சொல்வார்கள். வடமொழி நூல்களில் இதற்கு 'ஆபத் தர்மம்' என்று பெயரே உண்டு, மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் அந்தத் தலைப்பில் ஒரு பெரும் பகுதி இருக்கிறது, பஞ்சத்தில் விசுவாமித்திரர் நாய்க்கறி தின்னத் துணிந்த கதை அங்கேதான் வருகிறது. ஆனால் இந்தப் பழமொழியின் உண்மையான அளவு என்ன என்பதைக் காட்டுவதற்கு அதைவிடச் சின்னக் கதை ஒன்று சாந்தோக்கிய உபநிடதத்தில் இருக்கிறது.

குரு நாட்டில் பயிர் அழிந்துபோன காலம். உஷஸ்தி சாக்ராயணர் என்ற வேதம் கற்றவர் பசியோடு ஓர் ஊருக்கு வந்து சேர்கிறார். அங்கே யானைக்காரர் ஒருவர் வேகவைத்த பயறு தின்றுகொண்டிருக்கிறார். எனக்கும் கொடு என்று கேட்கிறார் இவர். என் முன்னால் இருப்பதைத் தவிர வேறு இல்லையே என்கிறார் அவர். பரவாயில்லை, அதையே கொடு என்று வாங்கிக்கொள்கிறார். அடுத்தவர் தின்று மிஞ்சிய எச்சில் அது. கொடுத்தவர் குடிக்கத் தண்ணீரும் நீட்டுகிறார். உஷஸ்தி வேண்டாம் என்கிறார், அது எச்சில் ஆகிவிடுமே என்கிறார். அப்படியென்றால் இந்தப் பயறு மட்டும் எச்சில் இல்லையா என்று நியாயமான கேள்வி வருகிறது. அதற்கு அவர் சொல்லும் பதிலின் சாரம் இதுதான்: இந்தப் பயற்றைத் தின்னாவிட்டால் நான் பிழைத்திருக்க மாட்டேன், தண்ணீர் எனக்கு வேறு இடத்திலும் கிடைக்கும்.

ஆபத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு கோடு போட்டுக் காட்டிய மாதிரி இருக்கிறது இல்லையா? பயற்றுக்கு ஆபத்து உண்டு, தண்ணீருக்கு இல்லை. உயிர் போகும் என்ற அளவுக்குத்தான் விலக்கு, அதைத் தாண்டி ஒரு வாய் தண்ணீருக்குக்கூட இல்லை. எதற்கெடுத்தாலும் 'ஆபத்துக்குப் பாவமில்லை' என்று சொல்லி, வரிசையில் முந்துவதற்குக்கூட இந்தப் பழமொழியை இழுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பழமொழியில் கனமான சொல் பாவமில்லை என்பது இல்லை, ஆபத்து என்பதுதான்.

இனி அபாயம். இதன் வேர் வேறு. செல்லுதல் என்ற பொருளுள்ள 'இ' என்ற ஓரெழுத்து வேர் அது. 'அப' என்ற முன்னொட்டு விலகுவதைக் குறிக்கும். ஆக, அபாயம் என்றால் முதலில் விலகிப் போதல், நீங்குதல், அதிலிருந்து இழப்பு, அழிவு. கையில் இருப்பது போய்விடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு: உபாயம். 'உப' என்றால் அருகே. நாம் வேண்டியதன் அருகே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி உபாயம், நம்மிடம் இருப்பதை நம்மைவிட்டு விலக்குவது அபாயம். சூரியன் மேலே வரும் உதயம், செலவு என்று பொருள்படும் வியயம், இவையும் அதே வேர்தான்.

உபாயமும் அபாயமும் இரட்டையர் என்பதைப் பழைய கதைக்காரர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். பஞ்சதந்திரத்தில் ஒரு கொக்குக் கதை. மரத்தில் கொக்குகள், அதே மரப்பொந்தில் ஒரு பாம்பு. கொக்குக் குஞ்சுகளைப் பாம்பு தின்றுவிடுகிறது. அழுதுகொண்டிருந்த கொக்குக்கு ஒரு நண்டு யோசனை சொல்கிறது: கீரியின் வளையிலிருந்து பாம்பின் பொந்து வரைக்கும் வரிசையாக மீன் துண்டுகளைப் போட்டு வை. கொக்கு அப்படியே செய்கிறது. கீரி மீனைத் தின்றுகொண்டே வந்து பாம்பைக் கொல்கிறது. அப்படியே மரத்தில் இருந்த கொக்குகளையும் ஒவ்வொன்றாகத் தின்று தீர்க்கிறது. நண்டுக்குக் கொக்கு பிறவிப் பகை என்பதைக் கொக்கு மறந்துவிட்டது. உபாயத்தை யோசிக்கிறவன் கூடவே அபாயத்தையும் யோசிக்க வேண்டும் என்ற சுலோகம் இந்தக் கதையோடுதான் வருகிறது. கீரி வளையை விட்டுக் கிளம்பும் முன்பே அபாயம் அங்கே இருந்தது. மீன் துண்டுகளின் வரிசையிலேயே இருந்தது. வந்தது என்று சொல்ல முடியாது, இருந்தது என்றுதான் சொல்ல முடியும்.

டிவியில் விளம்பரத்தின் கடைசியில் மூச்சு விடாமல் ஒருவர் படிப்பாரே, 'மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை' என்று, அங்கே இந்தச் சொல் அச்சாகப் பொருந்துகிறது. நாம் பேச்சில் 'ரிஸ்க்' என்று சொல்வதற்கு இது சரியான ஈடு. பணம் இன்னும் போகவில்லை, விலகிப் போகக்கூடும். அந்த இடத்தில் 'சந்தை ஆபத்துகளுக்கு உட்பட்டவை' என்று போட்டிருந்தால் முதலீடு செய்பவர் ஏற்கெனவே மாட்டிக்கொண்ட மாதிரி ஒலித்திருக்கும்.

அபாயம் என்ற சொல்லை அளவு வைத்துப் பயன்படுத்துகிற இடம் ஒன்று உண்டு, துறைமுகம். புயல் காலத்தில் 'எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று செய்தி வரும். மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் உள்ளூருக்கான முன்னெச்சரிக்கை. 5, 6, 7 வந்தால்தான் 'அபாயம்' என்ற சொல்லே நுழைகிறது. 8, 9, 10 என்பது 'பெரும் அபாயம்'. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனிச் சொல்வதற்கு ஆள் இல்லை. கடலுக்குப் போகிற குடும்பங்களில் இந்த எண்களைக் கேட்டவுடன் யாரும் விளக்கம் கேட்பதில்லை, வலையைக் கட்டி, படகை மேலே ஏற்றிவிடுவார்கள். எச்சரிக்கை என்ற சொல்லும் சும்மா வந்ததில்லை, கன்னடத்தில் எச்சர என்றால் விழிப்பு. முதலில் விழித்துக்கொள், பிறகு அபாயம், பிறகு பெரும் அபாயம் என்று அந்தக் கூண்டு படிப்படியாக ஏறுகிறது.

விபத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. மூலத்தில் அது சம்பத்துக்கு எதிர்ச்சொல். செல்வமும் நலமும் சேர்வது சம்பத்து, கெட்டுச் சிதறுவது விபத்து. எல்லா வகைக் கேட்டையும் குறித்த அந்தப் பெரிய சொல்லை நாம் சாலை விபத்து, தீ விபத்து, ரயில் விபத்து என்று எதிர்பாராமல் நடக்கும் சேதத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். மலையாளத்தில் அது இன்னும் பெரிய கேடு என்ற பழைய பொருளிலேயே இருக்கிறது, சாலையில் நடப்பதற்கு அவர்கள் 'அபகடம்' என்கிறார்கள். வாளையாறு தாண்டியதும் பலகைகளில் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். ஓசூரைத் தாண்டிக் கன்னடப் பக்கம் போனால் அபாயம் நம் அபாயமேதான், ஆனால் விபத்துக்கு 'அபகாத' என்கிறார்கள்.

வடக்கே தெலுங்குப் பக்கம் போனால்தான் தமிழர்கள் திகைத்து நிற்பார்கள். அங்கே ஆபத்துக்கும் விபத்துக்கும் ஒரே சொல், 'ப்ரமாதம்'. 'ப்ரமாதகரமைன மலுபு' என்று பலகை இருந்தால் ஆபத்தான வளைவு என்று அர்த்தம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த நம்மூர்க்காரர் 'பிரமாதமான வளைவு' என்று நினைத்து வேடிக்கை பார்க்கத் தயாராகிவிடக்கூடும். இரண்டும் ஒரே சொல்தான். பிரமாதம் என்பதற்கு மூலத்தில் கவனக்குறைவு, தவறு, மயக்கம் என்று பொருள். தெலுங்கு அந்தக் கவனக்குறைவிலிருந்து ஆபத்துக்குப் போய்விட்டது. நாம் அளவு மீறியது என்ற வழியில் போய், 'சாம்பார் பிரமாதம்' என்ற இடத்தில் வந்து நிற்கிறோம். இந்திக்குப் போனால் இன்னொரு குழப்பம். அங்கே ஒருவர் 'ஆபத்தி' என்று சொன்னால் பதற வேண்டாம், 'எனக்கு ஆட்சேபணை இருக்கிறது' என்கிறார், அவ்வளவுதான். ஆபத்துக்கு அவர்கள் அரபியிலிருந்து வந்த 'கத்ரா' வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் இரவல் சொற்கள் என்றால், தமிழுக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இடர், இடுக்கண், இடையூறு, ஏதம். திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரே இடுக்கண் அழியாமை. 'இடுக்கண் வருங்கால் நகுக' என்று அது தொடங்குவதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். இடுங்குதல் என்றால் சுருங்குதல், கண் சுருங்கிப் போகுமளவு வருவது இடுக்கண் என்று விளக்கம் சொல்வதுண்டு. தாங்க முடியாத வலியில் இருப்பவர் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் உடனே பிடிபடும். ஏதம் என்பது பிசகினால் வரும் கேடு. ஒழுக்கத்தில் வழுக்கினால் 'ஏதம் படுபாக்கு அறிந்து' பெரியவர்கள் அதிலிருந்து நழுவ மாட்டார்கள் என்கிறது குறள்.

இந்தத் தமிழ்ச் சொற்களுக்கும் அவற்றுக்கே உரிய ஒரு வினைச்சொல் உண்டு. 'உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு' என்ற குறளைப் பாருங்கள். இடுப்பில் துணி நழுவினால் கை யோசிக்காமல் போய்ப் பிடிக்கிறதே, அந்த வேகத்தில் நண்பன் இடுக்கணைக் களைவான். களைவது என்பது வயலில் களை பிடுங்கும் அதே களைதல். திருநெடுங்களத்துச் சிவனைப் பாடும்போது சம்பந்தரும் 'இடர்களையாய் நெடுங்களம் மேயவனே' என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார், அதனாலேயே அதற்கு இடர்களையும் பதிகம் என்று பெயர் வந்தது. ஆபத்திலிருந்து தப்பிக்கிறோம், அபாயத்தைத் தவிர்க்கிறோம், இடரை மட்டும் களைகிறோம். மேலிருந்து விழுவதற்குத் தப்பி ஓடலாம். நம் வயலுக்குள்ளேயே முளைத்ததைக் குனிந்து பிடுங்கத்தான் வேண்டும். உழுது பிழைத்தவர்கள் வாயில் உருவான வழக்கு இது என்று எனக்குத் தோன்றுகிறது.

இடர் பழைய செய்யுளோடு முடிந்துபோகவும் இல்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்து போன பிறகு, 2005-இல் இந்தியாவில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. இன்று மழைக்காலத்தில் பேரிடர் என்ற சொல் இல்லாமல் ஒரு செய்தி கிடையாது. அதே வேலையைச் செய்யும் இலங்கை அலுவலகத்துக்குத் தமிழில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் என்று பெயர். அங்கேயே சிங்களப் பெயரில் 'ஆபதா' என்று இருக்கிறது, டெல்லியின் இந்திப் பெயரிலும் அதே ஆபதா. அதாவது நம் ஆபத்து. ஒரே கடல், ஒரே அலை, சென்னைக்குப் பேரிடர், கொழும்புத் தமிழருக்கு அனர்த்தம், சிங்களருக்கும் இந்திக்காரருக்கும் ஆபத்து. இலங்கைச் செய்திகளில் 'மண்சரிவு அபாய எச்சரிக்கை' என்று வரும்போது மட்டும் இரண்டு கரைத் தமிழும் ஒன்றாகிவிடுகிறது. மலை இன்னும் சரியவில்லை, அதனால் அங்கும் அபாயம்தான்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஆபத்தில் 'ஆ' நெடில், அபாயத்தில் 'அ' குறில், 'பா' நெடில். 'ஆபாயம்' என்றும் 'அபத்து' என்றும் கைபேசியில் அவசரமாகத் தட்டி அனுப்புகிறார்கள். மற்றபடி பெயரடையாக்கும்போது 'ஆபத்தான' என்பது எங்கும் பொருந்தும், 'அபாயகரமான' என்பது கொஞ்சம் விறைப்பான எழுத்துக்கு.

மறுநாள் காலையில் அக்கா மகளை உட்கார வைத்து இவ்வளவையும் சொல்லவில்லை, கொக்குக் கதையையும் வினைச்சொல் சோதனையையும் மட்டும் சொன்னேன். அவள் விரலை மடக்கி, அபாயம் இருக்கும், ஆபத்து வரும், விபத்து நடக்கும் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் காலை யாராவது எழுதணும்ல மாமா?" என்று கேட்டாள். வீட்டில் கேட்டுக்குப் பூசிய சிவப்புப் பெயிண்ட் மிச்சம் இருந்தது. ஆனால் அந்த வேலியை நானே தொடுவது அபாயம் என்று அவளிடமே இப்போதுதானே சொல்லி முடித்திருக்கிறேன். மின்வாரிய அலுவலகத்தில் போய்ச் சொன்னோம், அடுத்த வாரம் லைன்மேன் ஒருவர் வந்து புதுப் பலகையே மாட்டிவிட்டுப் போனார். ஊருக்குத் திரும்பும் நாளில் அவள் அதன் முன்னால் நின்று, கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.